டில்லி அப்பளம்

ஏணியின் உச்சியில் நின்று மஞ்சள் துணிக்குக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தேன். அப்போது அந்த மயிலாப்பூர் மண்டப வாசல் வழியாக ஒரு பிஸ்கட் டின் உள்ளே வந்தது. அதை நெஞ்சோடு அணைத்தபடி ஒரு பெண்மணியும் வந்தார். அறுபதைத் தாண்டிய வயது. பருத்திப் புடவை, ஆண்கள் கட்டுகிற மாதிரிப் பெரிய கைக்கடிகாரம், ரயிலில் இரண்டு இரவு தூங்காத கண்கள். அவருக்குப் பின்னால் பெட்டிகளோடு ஒரு கூட்டம்.

அவர் சுற்றிலும் பார்த்தார். மஞ்சள் திரை. மஞ்சள் குஞ்சலம். சரம் சரமாக மஞ்சள் பிளாஸ்டிக் செண்டுமல்லி. போட்டோ எடுத்துக்கொள்வதற்கென்று நிறுத்தி வைத்த ஒரு மஞ்சள் ஸ்கூட்டர், அதற்கு இன்ஜின் கிடையாது. மண்டபத்துக்கே காமாலை வந்தது போல இருந்தது.

"ஏம்ப்பா, இது யார் கல்யாணம்?" என்று ஏணியைப் பார்த்துக் கேட்டார்.

"வைஷ்ணவி, அரவிந்த் கல்யாணம் மேடம்."

"பேரெல்லாம் சரியா இருக்கு. ஆனா எங்காத்துக் கல்யாணம் மாதிரி இல்லையே. லஜ்பத் நகர்ல எங்க எதிராத்துக் கல்யாணம் மாதிரின்னா இருக்கு!"

சொல்லிவிட்டு டின்னை இன்னும் இறுக்கிக்கொண்டார். நான் அடுத்த குண்டூசியை என் கட்டைவிரலில் குத்திக்கொண்டேன்.

ராயப்பேட்டை அரண்மனை

இந்தத் தொடரில் போன வாரம் என்னை வேளச்சேரி வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நிறுத்திவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிட்டீர்கள். பரவாயில்லை. நானே கரையேறி, கிண்டி வரை நடந்து, அங்கிருந்து பஸ் பிடித்து ராயப்பேட்டை வந்து சேர்ந்தேன். அங்கே பஷீர் பாயின் கோடவுனில் எனக்கு வேலையும் படுக்கையும் சேர்ந்தே கிடைத்தன. பாய் கல்யாண மண்டபங்களுக்கு அலங்காரம் செய்கிறவர். ஒரு மைசூர் அரண்மனைத் தூணுக்கும் ஒரு பெண் யானைக்கும் நடுவே எனக்கு இடம் ஒதுக்கினார். இரண்டும் தெர்மோகோல். யானையின் வயிற்றில் எலி குடும்பம் நடத்தியது. வேளச்சேரி அறையில் தேள் வந்தது, ஆகவே இது முன்னேற்றம்தான்.

பாயின் குடும்பம் மயிலாப்பூர்ப் பக்கத்தில் எத்தனை தலைமுறையாக இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. தாத்தா ஜரிகை வேலை. அப்பா கல்யாணப் பந்தல். பாய் எல்.இ.டி. விளக்கு. வீட்டில் உருது, வெளியே மெட்ராஸ் தமிழ், மாமிகளிடம் மட்டும் ஒரு தனி மரியாதைத் தமிழ். மணமேடையில் வாழை மரம் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதில் அவரிடம் யாரும் வாதாட முடியாது. ஆனாலும் மண்டபத்துக்கு வருகிறவர்களில் ஒருவராவது, "பாய், நீங்க எந்த ஊரு?" என்று கேட்டுவிடுவார்.

அன்றைக்கும் பிஸ்கட் டின் பெண்மணி கேட்டார். "நீங்க லக்னோவா?"

"இல்லம்மா. லஸ்ஸு கார்னரு. இங்கேர்ந்து ரெண்டு ஸ்டாப்பு."

நான் படித்த பீட்சா

இந்த இடத்தில் என் படிப்பைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் பின்னால் வரும் பெரிய பெரிய வார்த்தைகளை நான் எங்கிருந்தோ திருடினேன் என்று நினைப்பீர்கள். திருடியதுதான், ஆனால் சம்பளம் வாங்கிக்கொண்டு திருடியது.

பள்ளிக்கூடம் என்னை ஒன்பதாம் வகுப்போடு விட்டுவிட்டது. அதற்கப்புறம் சூரத், சிலிகுரி, டில்லி என்று சுற்றிவிட்டு வந்து, அடையாறில் ஒரு பயிற்சி மையத்தில் சில மாதம் இருந்தேன். கலெக்டர் ஆக விரும்புகிற பிள்ளைகளை அறை கொள்ளாமல் அடைத்து வைத்திருக்கிற இடம். ஏ.சி.யைப் போடுவது, புரொஜெக்டரைத் தட்டி எழுப்புவது, ஜெராக்ஸ் எடுப்பது என் வேலை. ஒரே பாடத்தைக் காலையில் ஒரு கூட்டத்துக்கும் மாலையில் இன்னொரு கூட்டத்துக்கும் நடத்துவார்கள். பிள்ளைகள் ஒரு தடவை கேட்டார்கள். நான் இரண்டு தடவை கேட்டேன்.

அப்படி மாட்டியதுதான் பண்பாட்டுப் புவியியல். பாடம் எடுத்த சார் நல்ல மனிதர். எல்லாவற்றுக்கும் பீட்சாவையே உதாரணம் சொல்வார் என்பது தவிர வேறு குறை இல்லை.

ஒரு பழக்கம் எங்கே பிறந்ததோ அது அதன் தோற்றிடம். அங்கிருந்து அது நான்கு வழியில் பரவும். மனிதன் ஊர் மாறும்போது மூட்டையில் தன் பழக்கத்தையும் கட்டிக்கொண்டு போனால் இடம்பெயர் பரவல். பக்கத்து வீட்டைப் பார்த்து ஜலதோஷம் போல ஒட்டிக்கொண்டால் தொற்றுப் பரவல். பெரிய இடத்திலிருந்து சின்ன இடத்துக்குப் படிப்படியாக இறங்கினால் படிநிலைப் பரவல். யோசனையை மட்டும் வாங்கிக்கொண்டு சரக்கை நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டால் தூண்டல் பரவல். பீட்சாவின் மேல் பன்னீரைப் போட்டானே, அது கடைசி வகை.

தோற்றிடத்தை விட்டுத் தள்ளிப் போகப் போகப் பழக்கம் மெலிந்துகொண்டே போகும், அதற்குத் தூரத் தேய்வு என்று பெயர், என்றும் சொன்னார். ஒரு பெண் கை தூக்கி, "எப்பவுமே அப்படித்தானா சார்?" என்று கேட்டாள்.

"சில நேரம் தள்ளிப் போனவங்க பழசை இன்னும் கெட்டியா பிடிச்சுக்குவாங்க. ஆனா அது எக்ஸாம்ல வராது" என்றார் சார்.

பிள்ளைகள் பேனாவை மூடினார்கள். நான் எக்ஸாம் எழுதப் போவதில்லை என்பதால் அதை மட்டும் மறக்கவில்லை.

மாமியின் டில்லி

மணப்பெண் வைஷ்ணவியின் அம்மா லலிதா மாமி, மயிலாப்பூர் குளத்துக்குக் கூப்பிடு தூரத்தில் பிறந்து வளர்ந்தவர். பெண் குர்கானில் வேலைக்குப் போன இடத்தில் அரவிந்தைப் பிடித்துக்கொண்டாள். அவனும் மயிலாப்பூர்க் குடும்பம்தான், ஆனால் டில்லியிலேயே வளர்ந்தவன். அம்மா, அப்பா சின்ன வயதிலேயே போய்விட, வளர்த்தது அத்தை கமலா. அந்தப் பிஸ்கட் டின் பெண்மணி. ஒரு பையனை வளர்ப்பதற்காகத் தான் கல்யாணம் செய்துகொள்ளாமல், மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கோப்புகளோடு போராடி ஓய்வு பெற்றவர்.

சம்பந்தி டில்லி என்று தெரிந்த நாளிலிருந்து லலிதா மாமிக்குத் தூக்கம் போய்விட்டது. டில்லிக்காரர்களுக்கு என்ன பிடிக்கும் என்று அவர் ஆராய்ந்தார். அத்தையைக் கேட்டு அல்ல, போனைக் கேட்டு. போன் சொன்னது: முதல் நாள் மாலை ஹல்தி, அப்புறம் மெஹந்தி, அப்புறம் சங்கீத்.

தி.நகரில் இருந்த பாயின் ஆபீஸுக்கு, அதாவது ஒரு மேஜைக்கு, மாமி வந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"பாய், டில்லி மனுஷா வரா. நம்மளைப் பழைய கர்நாடகம்னு நினைச்சுடக் கூடாது. எல்லாம் மஞ்சளா இருக்கணும்."

"நலங்குக்கு ஊஞ்சல் வெக்கணுமா மாமி? எப்பவும் வெப்போமே."

"நலங்கெல்லாம் வேண்டாம். யாருக்குப் பாட்டு தெரியறது? ரெண்டாம் நாள் சாயந்தரம் ஹாலையே காலி பண்ணணும். அதான் ஹல்தி இருக்கே."

பாய் என்னைப் பார்த்தார். நான் தெர்மோகோல் யானையைப் போல நின்றேன்.

தெரியாதவர்களுக்காக: நலங்கு என்பது தாலி கட்டிய அன்று சாயந்தரம், பெண்ணையும் பிள்ளையையும் எதிரெதிரே உட்கார வைத்து நடத்துகிற விளையாட்டு. மஞ்சள் பூசுவது உண்டு. தேங்காய் உருட்டுவது, பல்லாங்குழி ஆடுவது உண்டு. பாட்டுப் பாடிக் கேலி செய்வது உண்டு. உச்சகட்டமாக ஒருவர் தலையை ஒருவர் அப்பளத்தால் சுற்றி, நொறுக்கிப் போடுவார்கள். ஹல்தியிலும் மஞ்சள் பூசுவார்கள். ஆக, வீட்டில் இருந்த மஞ்சளை வெளியே அனுப்பிவிட்டு, வடக்கேயிருந்து மஞ்சளை வரவழைத்தார் மாமி. இடையில் அதன் பெயரும் வாடகையும் மட்டும் மாறின.

வேளச்சேரியிலிருந்து ஒரு டான்ஸ் மாஸ்டர் வந்து மாமிக்கு இந்திப் பாட்டுக்கு ஆடக் கற்றுக்கொடுத்தார். முட்டிக்குப் பட்டி போட்டுக்கொண்டு மாமி ஆடினார். மாமா, அதாவது பெண்ணின் அப்பா, மஞ்சள் குர்தாவை அளவு பார்த்துவிட்டு, "பைஜாமால நாடா எந்தப் பக்கம்?" என்று கேட்டதோடு அந்த வருடத்துக்கான தன் பேச்சை முடித்துக்கொண்டார்.

அத்தையின் மயிலாப்பூர்

டில்லியில் நான் கொஞ்ச காலம் கரோல் பாகில் ஒரு தமிழ் மெஸ்ஸில் பாத்திரம் தேய்த்தேன். குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீரில் கையை வைத்தால் எலும்பு வரை போகும். அதைப் பற்றி முன்பே ஒரு வாரம் புலம்பிவிட்டேன்.

சொல்ல வந்தது வேறு. அங்கே மார்கழியில் விடியற்காலை பஜனை கோஷ்டி போகும். கம்பளி, குல்லாய், கையுறை, அதற்கு மேல் ஜால்ரா. பனியில் எதிரே வருகிற ஆள் தெரியாது, ஜால்ரா சத்தம் மட்டும் வரும். ஒரு நாள் கூடத் தவறாது. ஊர் திரும்பியதும் மயிலாப்பூரில் அதே மார்கழியில் விடியற்காலை டீக்கடை தேடிப் போனேன். ஜால்ரா இருந்தது. ஸ்பீக்கரில்.

அத்தை அப்படிப்பட்ட கோஷ்டியிலிருந்து வந்தவர். அவருடைய மயிலாப்பூர், அவர் வேலைக்குப் புறப்பட்டுப் போன அன்று நின்றுபோன மயிலாப்பூர். காலனியில் தமிழ்ப் பெண்களைச் சேர்த்து வாரம் ஒரு நாள் நலங்குப் பாட்டு ஒத்திகை நடத்துவார்களாம். எத்தனையோ கல்யாணங்களில் பாடியும் விட்டார்களாம். ஆனால் தன் பிள்ளை கல்யாணத்தில், மயிலாப்பூரிலேயே பாட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அதற்காகவே அந்தக் கோஷ்டியைப் பெட்டியோடு ரயிலேற்றிக் கூட்டி வந்திருந்தார்.

இதை அவர் லலிதா மாமியிடம் முன்னதாகச் சொல்லவில்லை. மயிலாப்பூர்க் கல்யாணத்தில் நலங்கு இருக்கும் என்று யாராவது சொல்லி வைப்பார்களா? மாமியும் ஹல்தி என்று அத்தையிடம் சொல்லவில்லை. டில்லிக்காரருக்கு அதை வேறு சொல்ல வேண்டுமா?

இரண்டு குடும்பமும் மாசக்கணக்கில் போனில் பேசியிருக்கின்றன. சாம்பாரில் வெங்காயம் உண்டா, கிடையாதா என்பது பற்றி.

டின்

மாலை ஆறு மணி இருக்கும். பெண் வீட்டார் அத்தனை பேரும் மஞ்சளில் இறங்கினார்கள். மாமி லெஹங்காவில். மாமா குர்தாவில், கையைப் பைஜாமா நாடாவிலிருந்து எடுக்காமல். மாடியிலிருந்து பிள்ளை வீட்டார் நிச்சயதார்த்தத்துக்கு என்று இறங்கினார்கள். அத்தையைத் தவிரப் பெண்கள் எல்லாரும் ஒன்பது கஜப் புடவை, தலையில் மல்லிகை, கையில் வெள்ளித் தாம்பாளம். ஆண்கள் பஞ்சகச்சம்.

இரண்டு கூட்டமும் நடு ஹாலில் சந்தித்துக்கொண்டன. இரண்டு பக்கமும், எதிர்ப்பக்கம் மாறுவேடப் போட்டிக்கு வந்திருக்கிறதோ என்று பார்த்தது. டி.ஜே. மேடையில் இருந்த கண்ணன் என்ற இளைஞன் நேரம் காலம் தெரியாமல் டோலக் சத்தத்தைத் திறந்துவிட்டான்.

"அதை நிறுத்துங்கோ" என்றார் அத்தை. நின்றது.

"வாங்கோ வாங்கோ! ஹல்தி ஆரம்பிக்கலாமா?" என்றார் மாமி. சிரிப்பு முகத்தில் இருந்தது, குரலில் இல்லை.

"ஹல்தியா? நலங்கு எப்போ?"

"நலங்கு இல்லையே... உங்களுக்காகத்தான் இதெல்லாம்..."

"எங்களுக்காகவா?"

"நீங்கள்லாம் டில்லி பழக்கம். உங்களுக்கு இதானே பிடிக்கும்னு..."

அத்தை கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோப்பில் குறிப்பு எழுதுகிற மாதிரி நிதானமாகச் சொன்னார்.

"அங்கே எங்களை மதராஸின்னுதான் கூப்பிட்டா. காய்கறிக்காரன்லேர்ந்து ஆபீஸர் வரைக்கும். சரி, நமக்குன்னு ஒரு ஊர் இருக்குன்னு பொறுத்துண்டேன். இங்கே வந்தா டில்லிக்காரான்னு மஞ்சள் துணியைக் கட்டி வெச்சிருக்கேள். நான் எந்த ஊர்க்காரின்னு நீங்களே முடிவு பண்ணிச் சொல்லுங்கோ."

பக்கத்தில் நின்ற பஷீர் பாய் தரையைப் பார்த்தார். அந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகிய காது அவருடையது.

அத்தை மேஜையில் டின்னை வைத்தார். "அப்பளம் கூட அங்கேருந்தே கொண்டு வந்தேன். இங்கே யாருக்காவது மறந்துபோயிருக்கும்னு ஒரு சந்தேகம். பாருங்கோ, சந்தேகம் சரியாத்தான் போச்சு" என்று மூடியைத் திறந்தார்.

உள்ளே அப்பளம் இல்லை. சில்லு இருந்தது. எந்தப் பெட்டி அதன் மேல் உட்கார்ந்து நாக்பூரைக் கடந்ததோ, ஒன்றுகூட முழுதாக இல்லை. நொறுங்கிய குவியலின் நடுவே பாக்கெட் உறை தெரிந்தது. எட்டிப் பார்த்தேன். இதே சென்னையில், மேற்கு மாம்பலத்தில் தயாரானது.

அத்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாடறதுக்கு முன்னாடியே உடைஞ்சாச்சு" என்றார். அப்புறம், "அரவிந்த், எல்லாருக்கும் டிக்கெட் பாரு. நாளைக்கு ராஜதானி கிடைக்குமான்னு பாரு."

முகூர்த்தம் மறுநாள் காலை.

அரவிந்த் அத்தையைப் பார்த்தான், மாடிப்படியில் நின்ற வைஷ்ணவியைப் பார்த்தான், போனைக் கையில் எடுத்தான், எடுத்த கையோடு நின்றான். வளர்த்தவளை விட்டுவிட்டுத் தாலி கட்டுகிற ஆள் இல்லை அவன். அது வைஷ்ணவிக்குத் தெரியும் என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

பாய் என்னை ஓரமாக இழுத்தார். "இன்னா நைனா, பாத்துக்கினு நிக்கறே? ஏணிய எடுத்து உள்ள வெச்சுடு."

"ஏணி என்ன பாய் பண்ணுச்சு?"

"இந்தக் கல்யாணம் நின்னுச்சுன்னு வெச்சுக்கோ, யாரும் மாமிய சொல்ல மாட்டான், அத்தைய சொல்ல மாட்டான். பாய் போட்ட மேடை, ராசி இல்லன்னுடுவான். கச்சேரி ரோடு முனை போறதுக்குள்ள என் பேரு பூடும். அப்புறம் நானும் நீயும் அந்த யானையும்தான்."

தொற்றுப் பரவலுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் அடையாறில் எனக்குக் கிடைக்கவில்லை. ஏணியை எடுத்து வைத்தேன்.

லௌகீகம்

வைஷ்ணவி படியிறங்கினாள். ஹாலைக் கடந்து நேரே சமையற்கட்டுக்குள் போனாள். ஏதோ ஆகிவிடப் போகிறது என்று மாமா முதல் முறையாக நாடாவை விட்டுவிட்டு அவள் பின்னால் ஓடினார். நானும் ஓடினேன்.

சமையல் மாஸ்டர் ஒடிசாக்காரர். மயிலாப்பூர்க் கல்யாணத்து ரசம் இப்போதெல்லாம் அவர் கையில்தான் இருக்கிறது. மறுநாள் விருந்துக்கு என்று வைத்திருந்த அப்பளக் கட்டுகளை வைஷ்ணவி ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"அக்கா, அக்கா, அது நாளைக்குப் பந்திக்கு!"

"நாளைக்குப் பந்தி இருக்கணும்னா இதை இப்போ பொரிங்க மாஸ்டர்."

மாஸ்டர் அவள் முகத்தைப் பார்த்தார். எண்ணெய் காய்ந்தது. அப்பளம் ஒவ்வொன்றாகப் புரண்டு, உப்பி, மேலே வந்தது. அந்த வாசனை ஹாலுக்கு எங்களுக்கு முன்னால் போய்விட்டது.

மூங்கில் தட்டு நிறைய அப்பளத்தோடு அவள் அத்தையின் எதிரே போய் நின்றாள். உடம்பெல்லாம் மஞ்சள் லெஹங்கா, நெற்றியில் அடுப்பு வேர்வை.

"அத்தை, எனக்கு ஒரு பாட்டும் தெரியாது. பல்லாங்குழி தெரியாது. தேங்காய எப்படி உருட்டணும்னு தெரியாது. உடைக்கறது மட்டும் நான் நன்னா பண்ணுவேன். நீங்க பாடுங்கோ."

"தாலி ஏறறதுக்கு முன்னாடி நலங்கா? எங்கேயாவது உண்டா?"

"நாளைக்கு சாயந்தரம் ஹால் கிடையாது அத்தை. இன்னிக்கு விட்டா எப்பவும் கிடையாது."

எல்லாரும் சாஸ்திரிகளைத் தேடினார்கள். அவர் சாப்பாட்டு ஹாலில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, யாராவது பரிமாற மாட்டார்களா என்று காத்துக்கொண்டிருந்தார்.

"நலங்கு வைதீகம் இல்லை. லௌகீகம். மந்திரம் கிந்திரம் ஒண்ணும் கிடையாது. எப்போ வேணாலும் பண்ணிக்கோங்கோ. யாராவது அந்த ரசத்தை இப்படி அனுப்புங்கோ."

சமுதாயத்தில் பாதிப் பிரச்சினைகள், பசியோடு இருக்கிற ஒரு சாஸ்திரிகளைச் சரியான நேரத்தில் கேட்டால் தீர்ந்துவிடும் என்பது அன்று நான் கண்டுகொண்டது.

அத்தை இன்னும் அசையவில்லை. வைஷ்ணவி அதற்கு மேல் காத்திருக்கவில்லை. அரவிந்தைத் தோளைப் பிடித்து மஞ்சள் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார வைத்தாள். எதிரே அவளும் சப்பணம் போட்டாள். இரண்டு கையிலும் இரண்டு அப்பளம். அவன் தலையை ஒரு சுற்றுச் சுற்றி, காதோடு சேர்த்துப் 'படார்' என்று அறைந்தாள். மாப்பிள்ளை தலை முழுக்க உளுந்துப் பொடி.

"ஐயோ, அப்படி இல்லேடி!" என்று கத்திவிட்டார் அத்தை. "மூணு சுத்து சுத்தணும்! பாட்டு முடியற எடத்துல உடைக்கணும்! சுத்த மோசம்!"

"அப்போ பாடுங்கோ. இல்லேன்னா இப்படியே எல்லாத்தையும் உடைப்பேன்."

அத்தை தொண்டையைச் செருமினார். முதல் வரி உடைந்துதான் வந்தது. இரண்டாவது வரியில் டில்லிக் கோஷ்டி சேர்ந்துகொண்டது. அதற்கப்புறம் ஹாலில் வேறு சத்தமே இல்லை. நான் பாட்டு ரசிகன் இல்லை, பசியில் எந்தப் பாட்டும் எனக்கு ஒன்றுதான். ஆனால் அந்தக் குரல்கள் பனியில் ஜால்ரா போட்டுப் பழகிய குரல்கள் என்று எனக்குத் தெரிந்தது.

மூன்றாவது வரிக்கு, கண்ணன் டோலக் சத்தத்தை மெதுவாகப் பாட்டுக்கு அடியில் சேர்த்துவிட்டான். அத்தை பாடிக்கொண்டே திரும்பி முறைத்தார். அவன் கை பொத்தானுக்குப் போனது. "நிறுத்தாதே. தாளம் தப்பாம அடி" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

லலிதா மாமிக்கு அந்தப் பாட்டுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. அவர் உடம்புக்குத் தெரிந்தது வேளச்சேரி மாஸ்டர் சொல்லிக்கொடுத்த ஆட்டம் ஒன்றுதான். முட்டிப் பட்டியோடு அதையே ஆட ஆரம்பித்தார். பாட்டு மயிலாப்பூர், ஆட்டம் பம்பாய், தாளம் பஞ்சாப். எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தியது என்று சொன்னால் பொய். பொருந்தவில்லை என்று யாரும் சொல்லவில்லை.

பாட்டு முடிந்ததும் அத்தை மாமியிடம் போனார்.

"ஆட்டம் நன்னாருந்தது. எங்க காலனில பஞ்சாபி மாமிகள் கூட இவ்வளவு நன்னா ஆட மாட்டா."

மாமி அழுதார். மூச்சு வாங்கியதாலும் இருக்கலாம்.

மறுநாள் தாலி ஏறியது. பந்தியில் அப்பளம் இல்லை. அதற்காகப் பிள்ளை வீட்டார் யாரும் குறை சொல்லாத ஒரே மயிலாப்பூர்க் கல்யாணம் அதுவாகத்தான் இருக்கும்.

பரவல்

அதோடு விட்டிருந்தால் இது ஒரு நல்ல கல்யாணக் கதை. ஆனால் அந்தக் கூட்டத்தில் எல்லார் கையிலும் போன் இருந்தது.

அப்பள அறை வாங்கிய அரவிந்தின் முகம் வீடியோவாக முதலில் மயிலாப்பூர் மாட வீதிகளில் சுற்றியது. அங்கிருந்து அடையாறு, தி.நகர், அப்புறம் எனக்குத் தெரியாத ஊர்கள். யாரோ அதற்கு மேல் ஆட்டம் போடுகிற எழுத்தில், டில்லி ஃபேமிலியின் அப்பள ஃபங்ஷன் என்று போட்டுவிட்டார்கள். பாடியவர்கள் டில்லி, பின்னால் டோலக், சுற்றிலும் மஞ்சள். பார்க்கிறவன் வேறு என்ன நினைப்பான்?

கொஞ்ச நாளில் தி.நகர் ஈவென்ட்காரர்கள் தங்கள் பட்டியலில் அதைச் சேர்த்துவிட்டார்கள். மெஹந்திக்கும் சங்கீத்துக்கும் நடுவே அரை மணி நேரம். தேங்காய் போய்விட்டது, பல்லாங்குழி போய்விட்டது, பாட்டில் பாதி போய்விட்டது. அப்பளம் மட்டும் மிஞ்சியது. முதல் நாள் மாலைதான் செய்ய வேண்டும் என்று அது ஒரு சம்பிரதாயமாகவும் ஆகிவிட்டது. ஹால் கிடைக்காததால் ஒரு பெண் எடுத்த முடிவு, அடுத்த முகூர்த்த சீசனில் ஐதீகம். பீட்சா சார் பார்த்திருந்தால் பீட்சாவை விட்டிருப்பார்.

அந்த சீசனில் கோபாலபுரத்திலிருந்து ஒரு அம்மாள் பாயின் மேஜைக்கு வந்தார். பெண்ணுக்குக் கல்யாணம். பழைய குடும்பம், பெரிய வீடு. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பாய், இந்த நலங்கு, அது இதுன்னு பழசெல்லாம் எதுவும் வேண்டாம். பொண்ணு ஒத்துக்க மாட்டேங்கறா. அந்த டில்லி அப்பள ஃபங்ஷன் இருக்கே, அது கண்டிப்பா வேணும்."

பாய் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவருடைய தாடிக்குள் ஏதோ அசைந்தது.

"செஞ்சுடலாம்மா."

"அப்பளம் நம்ம சாதாரண அப்பளமா? அதுவும் டில்லிலேர்ந்துதான் வரணுமா?"

"அங்கேர்ந்து வந்தாத்தான் சத்தம் நல்லா வரும்" என்றார் பாய், கண்ணை இமைக்காமல். "சாம்பிள் பாக்கறீங்களா? நைனா, போய் டில்லி சரக்கு எடுத்துக்கினு வா."

நான் தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கக் கடைக்குப் போனேன். மேற்கு மாம்பலம் பாக்கெட் ஒன்று வாங்கி, உறையைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். திரும்பப் போனவன் பாதித் தெருவில் நின்றேன். டில்லியிலிருந்து வருகிற சரக்கு இவ்வளவு சீக்கிரம் வந்தால் அந்த அம்மாள் நம்ப மாட்டார்.

பக்கத்துக் கடையில் ஒரு டீ சொன்னேன். சரக்கு நாக்பூர் வரைக்குமாவது வந்து சேரட்டும் என்று நிதானமாகக் குடித்தேன்.